பருப்புக் களத்துக்கு வந்த இரண்டு டன் பிக்கப்: காங்கேயத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

காங்கேயத்தில் என் மாமாவுக்குத் தேங்காய்ப் பருப்பு (கொப்பரை) காயவைக்கும் களமும் அதை ஒட்டியே ஓர் எண்ணெய் ஆலையும் இருக்கின்றன. சரக்கு ஏற்ற இரண்டு பழைய பிக்கப்புகள் வைத்திருந்தார்கள். இரண்டும் 1.3 டன் வகை. அதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, புதிதாக வடிவமைத்து வந்திருக்கும் இரண்டு டன் பிக்கப் ஒன்றை எடுப்பதென்று முடிவானது. திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறையில் நான் சில வருடம் இருந்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். இப்போது வண்டி வந்து ஒரு சீசன் ஓடிவிட்டது. வாங்கும் முன் யார் யார் என்ன சொன்னார்கள், ஓட்டிய பின் அதில் எது நின்றது என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். பருப்போ அரிசியோ மஞ்சளோ பனியன் துணியோ, கொங்குப் பக்கம் எதை ஏற்றுகிறவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும்.

வண்டி எந்தக் கம்பெனியுடையது என்று எழுதவில்லை. இங்கே வரும் நிறைகளும் குறைகளும் இந்த வகை வண்டிகளுக்கு ஏறக்குறையப் பொதுவானவை.

வண்டி ஏன் பெரிதானது

சின்னச் சரக்கு வண்டியின் கதையை 2005 மே மாதத்திலிருந்து சொல்லலாம். டாடா ஏஸ் வந்தது அப்போதுதான். வந்த கொஞ்ச நாளிலேயே குட்டி யானை என்று பெயர் வாங்கிவிட்டது. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. இதற்கிடையில் பொலிரோ பிக்கப் ஊர் ஊருக்கு நிற்க ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றிலும் நம்மவர்கள் செய்தது ஒன்றுதான்: கம்பெனி எழுதியதற்கு மேல் ஏற்றுவது. 1.3 டன் வண்டியில் இரண்டு டன் ஏற்றுவதை யாரும் தப்பாகவே நினைக்கவில்லை. பட்டறையில் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை போட்டுவிட்டால் வண்டி பெரிய வண்டி ஆகிவிட்டது என்ற நம்பிக்கை.

கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. 2022 செப்டம்பரில் டாடா யோதா 2.0 இரண்டு டன் சுமையோடு வந்தது. 2023 ஏப்ரலில் மஹிந்திரா பொலிரோ மேக்ஸ் பிக்கப்பை ஹெச்.டி., சிட்டி என்று இரண்டு வரிசையாக விட்டது. விலை 7.85 லட்சத்தில் தொடங்கியது. ஹெச்.டி. வரிசையின் பெரிய வண்டிக்கு இரண்டு டன் சுமை, 3,050 மில்லிமீட்டர் நீளப் பாடி, அதாவது பத்து அடி. ஊரில் எல்லாரும் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்டிருந்த பாரத்தைச் சட்டப்படி ஏற்றும் வண்டி வந்திருக்கிறது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். சேஸிஸ், அச்சு, பிரேக், டயர் எல்லாம் அந்தப் பாரத்துக்கு என்றே கணக்குப் போட்டவை. இது பெரிய விஷயம்.

மாமாவின் முதல் காரணமும் அதுதான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியதில் அதிகப் பாரத்துக்கான அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று ஆனது. அதிகப்படி சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில். அதற்கு முன் இருந்தது வெறும் 2,000 ரூபாயும் டன்னுக்கு ஆயிரமும். ஒரு நடைக்கு வரும் வாடகையோடு ஒப்பிட்டால், ஒருமுறை மாட்டினாலே பல நடைகளின் காசு போய்விடும். “பயந்துக்கிட்டே வண்டிய அனுப்ப முடியாதுடா தம்பி” என்றார். நியாயமான பேச்சு.

முன்முகம் பார்த்த மாப்பிள்ளை

கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கும் மாமா மகனுக்கு வண்டியின் முன்பக்கம்தான் பெரிய விஷயம். கிரில் அகலமாகிவிட்டது, விளக்கு மாறிவிட்டது, பானெட் உயர்ந்துவிட்டது, நல்ல தோரணையாக இருக்கிறது என்பது அவன் கட்சி. அமெரிக்காவில் ஹெவி டியூட்டி பிக்கப் என்றால் எப்படி இருக்கும் என்று படம் காட்டினான்.

அங்கே அந்த வகை வண்டிகளுக்கு வேலை வேறு. ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் 6.7 லிட்டர் டீசல் என்ஜின் இப்போது 475 குதிரைசக்தி. 2017-ல் அதன் பாடியை அலுமினியத்துக்கு மாற்றி எடையைக் குறைத்தார்கள். பின்னால் மாட்டும் பெரிய டிரெய்லரை இழுப்பதுதான் அதன் முக்கிய உத்தியோகம். 2020-ல் மாற்றி வந்த செவ்ரோலெட் சில்வராடோ ஹெச்.டி.யின் உயர்ந்த முன்முகத்தை அங்கேயே பலர் குறை சொன்னார்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தை ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது என்பது அந்தக் குறைகளில் ஒன்று. நம் வண்டியில் இருப்பது 2.5 லிட்டர் என்ஜின், 80 குதிரைசக்தி, 220 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இதை வைத்துக்கொண்டு இரண்டு டன்னை இழுக்கிறோம் என்றால் கியர் விகிதமும் குறைந்த வேகமும்தான் உதவுகின்றன. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவும் முட்டைக்கோஸ் மூட்டையோடு ஏறி இறங்கும் தாளவாடிக்காரர்களைக் கேட்டால், முன்முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இரண்டாவது கியரில் இறக்கும்போது என்ஜின் எவ்வளவு பிடிக்கிறது என்றுதான் பேசுவார்கள்.

ஆனாலும் மாப்பிள்ளை சொன்னதில் ஒன்று சரி, பானெட் உயர்ந்துவிட்டது. உயர்ந்த பானெட் களத்துக்குள் பிரச்சினைதான். பருப்பு காயும் களத்தில் ஆட்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். அவர்களின் குழந்தைகளும் அங்கேயே சுற்றுகிறார்கள். களத்துக்குள் வண்டி நகர வேண்டும் என்றால் முன்னால் ஓர் ஆள் நின்று கை காட்டிய பிறகுதான் நகர வேண்டும் என்று இப்போது கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

எடையால் நிறைவதும் இடத்தால் நிறைவதும்

வாங்கும் முன் எல்லாரும் டன் கணக்கைத்தான் பேசினார்கள். அரிசி ஆலைக்காரருக்கு அது சரியான கணக்கு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பையில் அடைத்து விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து 26 கிலோ சிப்பம் பரவலாகிவிட்டது. 1.3 டன் வண்டியில் சட்டப்படி 50 சிப்பம், இரண்டு டன் வண்டியில் 76. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மாமாவின் சரக்கு அப்படிப்பட்டதல்ல. அவர் வண்டி மூன்று விதமான சரக்கைத் தூக்குகிறது. வெள்ளகோவில், முத்தூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஏலத்தில் எடுக்கிற பருப்பு மூட்டை ஒன்று. களத்தில் தேங்காயை உடைத்துக் காயவைத்து, பருப்பைப் பிரித்த பிறகு மிஞ்சும் தேங்காய்த் தொட்டி (சிரட்டை) இன்னொன்று. அது கரிச்சூளைக்குப் போகிறது. மூன்றாவது, திருப்பூர், ஈரோடு, கரூர்க் கடைகளுக்குப் போகும் 15 கிலோ எண்ணெய் டின்.

தொட்டி ஏற்றினால் பாடி நிறைந்துவிடும், எடை பாதிக்குக்கூட வராது. அதற்கு வேண்டியது நீளமும் பக்கப் பலகை உயரமும். எண்ணெய் டின் நேர்மாறு. டின்னோடு சேர்த்து 16 கிலோ என்றால் இரண்டு டன்னுக்கு 125 டின். பத்தடி நீளம், ஐந்தரை அடி அகலப் பாடியில் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 85 டின் நிற்கும். ஆக, முழு லோடு என்பதே ஒன்றரை அடுக்குதான். பார்க்கிறவருக்குப் பாடி பாதி காலியாகத் தெரியும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பழைய வண்டியில் இரண்டாவது அடுக்கு கண்ணுக்கு நிறைவாக இருக்கும்வரை ஏற்றிப் பழகிய கை, புதிய வண்டியிலும் இரண்டு அடுக்கு முழுதாக அடுக்கும். 170 டின் என்றால் 2.7 டன்னுக்கு மேல். எதற்காக இந்த வண்டியை எடுத்தோமோ அந்தக் காரணமே அடிபட்டுப்போகிறது. 1.3-ல் இரண்டு ஏற்றியவர்கள் இரண்டில் மூன்று ஏற்றத் தொடங்கினால் பிரேக்கும் டயரும் பழைய நிலைமைக்கே திரும்பிவிடும். கூடுதலாகக் கிடைத்த தாங்குதிறனில் ஒரு பங்கை வண்டியிடமே விட்டுவைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். அதனால் ஒரு நடைக்கு 120 டின் என்று எழுதி, ஆலை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஐந்து டின் குறைத்ததற்குக் காரணம் ஒரு லோடுமேன், தார்ப்பாய், கயிறு ஆகியவற்றின் எடை. கம்பெனி சொல்லும் சுமைக் கணக்கில் எது எது அடங்குகிறது என்பதை ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மொத்த எடையையும் வெற்று எடையையும் வைத்து நாமே கழித்துப் பார்க்க வேண்டும். பாடிக்கு மேல் கம்பிவலை, கூரைச் சட்டம் என்று கட்டினால் அந்த இரும்பின் எடையும் அதில் கழியும். பட்டறையில் இருந்தபோது இதைக் கேட்டு வந்த வாடிக்கையாளர்கள் மிகக் குறைவு.

“முன்னாடி எந்திரிக்குதுங்கண்ணா”

ஓட்டுநர் மாமாவிடம் பல வருடமாக இருப்பவர். வண்டி எடுக்கும்போது அவரிடம் கேட்டது, “ஓட்டிருவீங்களா?” என்ற ஒரே கேள்விதான். லைசென்ஸ் விஷயத்திலும் சிக்கல் இல்லை. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னதை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதிப்படுத்திவிட்டது.

கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு அவர் சொன்னது: “லோடோட மேம்பாலம் ஏறுறப்ப முன்னாடி எந்திரிக்குதுங்கண்ணா. ஸ்டீரிங் கையில நிக்கலீங்க.” புது வண்டியில் பவர் ஸ்டீரிங், அதனால் இலேசாக இருக்கிறது, பழகிவிடும் என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். எனக்குச் சந்தேகம் வந்து, லோடு ஏற்றும்போது நின்று பார்த்தேன். முதல் அடுக்கு முழுதாக நின்ற பிறகு, மிச்சமுள்ள 40 டின்னையும் பின்கதவு ஓரமாகவே இரண்டாம் அடுக்கில் வைத்தார்கள். முதல் கடையில் இறக்க வேண்டியவை அவைதான், கையெட்டும் தூரத்தில் இருந்தால் சீக்கிரம் இறக்கலாம் என்பது லோடுமேன்களின் கணக்கு.

40 டின் என்பது 640 கிலோ. அதைப் பாடியின் முன்பாதியில் வைப்பதற்கும் பின்பாதியில் வைப்பதற்கும் நடுவே ஐந்து அடி, அதாவது ஒன்றரை மீட்டர் வித்தியாசம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3.15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 640-ஐ 1.5-ஆல் பெருக்கி 3.15-ஆல் வகுக்க வேண்டும். முன் சக்கரங்களின் மேல் விழும் எடையில் 300 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. ஸ்டீரிங் கையில் நிற்காததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். பழைய வண்டியில் பாடி எட்டடிதான். பின் அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த பகுதியும் குறைவு. அதில் எப்படி அடுக்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாடியை நீட்டும்போது எங்கே ஏற்றுகிறோம் என்பதும் ஓட்டுநரின் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது. விளம்பரத்தில் நீளத்தை மட்டும் சொல்கிறார்கள்.

தீர்வுக்குச் செலவே இல்லை. பாடியின் தரையில், பின் அச்சுக்கு நேர் மேலே, மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டோம். இரண்டாம் அடுக்கு அந்தக் கோட்டுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். முதல் கடைச் சரக்கு கீழ் அடுக்கில் பின்பக்கமாக வரும்படி ஏற்றும் வரிசையை மாற்றினோம். இரண்டு நடையிலேயே, “இப்ப நிக்குதுங்க” என்றார். இந்த வகை வண்டி எடுக்கும் எல்லாருக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். வண்டியைக் கொடுக்கும்போதே அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தால் கம்பெனிகளுக்கு ஒரு டப்பா பெயின்ட் கூடச் செலவாகாது.

பட்டை சேர்ப்பது

இதே சமயத்தில் ஒரு பட்டறைக்காரர், பின்னால் இன்னொரு பட்டை சேர்த்துவிட்டால் முன்பக்கம் எழும்பாது என்று யோசனை சொன்னார். ஊரெங்கும் இந்த யோசனைதான். பழைய இரண்டு வண்டிகளில் ஒன்றுக்கு அப்படிச் சேர்த்தும் இருந்தார்கள். அந்த வண்டி மழையில் பிரேக் பிடித்தால் நேராக நிற்காமல் முன்சக்கரம் சறுக்கும் என்று ஓட்டுநர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம் இப்படி. பல பிக்கப்புகளில் பின் பிரேக்குக்குப் போகும் ஆயில் அழுத்தத்தைச் சுமைக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்க ஒரு வால்வு உண்டு. அதன் கம்பி பின் அச்சோடு இணைந்திருக்கும். லோடு ஏறி வண்டி எவ்வளவு தாழ்கிறதோ அதை வைத்து, பாரம் அதிகம், பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் கொடுக்கலாம் என்று வால்வு திறக்கும். வெற்று வண்டியில் குறைத்துவிடும். இல்லையென்றால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். பட்டை சேர்த்ததும் லோடு ஏறினாலும் வண்டி தாழ்வதில்லை. வால்வு அதை வெற்று வண்டி என்றே எடுத்துக்கொள்கிறது. இரண்டு டன் பாரத்தோடு போகும் வண்டியில் பின் பிரேக் பாதி வேலைதான் செய்கிறது, முழுப் பளுவும் முன் பிரேக்கில் விழுகிறது. ஈர ரோட்டில் முன்சக்கரம் சறுக்காமல் என்ன செய்யும்?

புதிய வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். டயர் மாற்றும்போதும் பக்கவாட்டில் எழுதியிருக்கும் சுமை எண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 108 என்றால் ஒரு டயர் தாங்குவது 1,000 கிலோ, 104 என்றால் 900, 102 என்றால் 850. பின்னால் இரண்டே டயரில் ஓடும் வண்டியில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. விலை குறைவு என்று சுமை எண் குறைந்த டயரைப் போட்டுவிடக் கூடாது.

கூடை தூக்குகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை

வண்டியைப் பற்றி மாமா, அத்தை, மாப்பிள்ளை, பைனான்ஸ்காரர், பட்டறைக்காரர், நான் என்று எல்லாரும் கருத்துச் சொல்லியாகிவிட்டது. களத்தில் வேலை செய்யும் பெண்களிடம் வண்டி வந்து நிற்கும்வரை ஒருவரும் கேட்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

தொட்டி ஏற்றுவது முழுக்க அவர்கள் வேலை. கூடையில் அள்ளி, தலையில் தூக்கி வந்து, பாடியின் பக்கப் பலகைக்கு மேலாக உள்ளே கவிழ்ப்பார்கள். பழைய வண்டியில் பலகையின் விளிம்பு தலை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. கூடையைத் தலையிலிருந்து அப்படியே சாய்த்தால் போதும். புதிய வண்டியில் டயர் பெரிது, ஸ்பிரிங் பலமானது, பாடியின் தரையே ஒரு சாண் மேலே போய்விட்டது. பக்கப் பலகையும் உயரம். இப்போது கூடையைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்க வேண்டும். நாள் முழுக்க அப்படித் தூக்கினால் தோளும் கழுத்தும் என்ன ஆகும்?

களத்தில் மூத்தவரான ஒரு அம்மா மாமாவிடம் நேராகச் சொன்னார்: “வண்டி நல்லாத்தானுங் இருக்குது. ஆனா எங்களுக்கு எட்டலீங். மேல ஒரு ஆளு நின்னு வாங்கோணும்.” மேலே ஓர் ஆள் என்றால் ஏற்றுகூலி கூடும். பக்கக் கதவைத் திறந்துவைத்து ஏற்றிப் பார்த்தார்கள். பாதி நிறைந்ததும் தொட்டி சரிந்து வெளியே கொட்டுகிறது. பலகை போட்டு நடந்து ஏறலாம் என்றார் ஒருவர். தலையில் கூடையோடு சாய்வுப் பலகையில் பெண்களை ஏறச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.

பாடியின் தரை உயர்ந்ததால் வந்த வேறொரு தொந்தரவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் காங்கேயம் மாடுகள் உண்டு. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத் தாவணிக்கு இந்த வண்டியில் கொண்டுபோகலாம் என்று அத்தைக்கு ஆசை. தரை உயரம் கூடினால் ஏற்றும் பலகையின் சாய்வும் கூடும். அதே சாய்வு வேண்டும் என்றால் பலகையை நீட்ட வேண்டும். பூச்சிக்காளை (பொலிகாளை) அந்தச் சாய்வில் கால் வைக்கவே மறுத்துவிட்டது. வீட்டு வாசலில் மண் மேடு ஒன்று போட்டு, வண்டியைப் பின்பக்கமாக அதில் ஒட்டி நிறுத்திய பிறகுதான் ஏறியது.

ஆலைக்கும் அதே வழியைத்தான் செய்தோம். டின் ஏற்றும் இடத்தில் பாடியின் உயரத்துக்கே சிமெண்ட் மேடை கட்டினார்கள். டின்னைத் தூக்காமல் தள்ளு வண்டியிலேயே உள்ளே கொண்டுபோய்விடலாம். லோடுமேன்கள் இப்போது புதிய வண்டியைத்தான் விரும்புகிறார்கள். கடைகளில் இறக்கும்போது மேடை இருக்காது என்பது உண்மை. ஆனால் இறக்குவது ஏற்றுவதைப் போல அவ்வளவு சிரமம் இல்லை. களத்தில் மேடை கட்ட முடியாது. தொட்டி களம் முழுக்கப் பரந்து கிடக்கும், இன்றைக்கு ஒரு மூலையில் அள்ளினால் நாளைக்கு இன்னொரு மூலையில். வண்டிதான் குவியலைத் தேடிப் போக வேண்டும்.

மிச்சக் கருத்துகள்

உள்ளூர் மெக்கானிக்குக்குப் புதிய வண்டியே பிடிக்கவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புகைக் குழாயில் வடிகட்டி, சென்சார் என்று சேர்ந்துவிட்டன. ஸ்கேனர் இல்லாமல் தொட முடிவதில்லை என்பது அவர் குறை. தொழில் போகிறது என்ற கவலை அதில் இருப்பது புரிகிறது. ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் உபயோகமானது. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள டீசல் வண்டியை எப்போதும் குறைந்த தூரத்துக்கே ஓட்டிக்கொண்டிருந்தால், கரியை எரித்துத் தள்ளும் அளவுக்குச் சூடு ஏறாது. வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது கரூர் நடைக்கு இந்த வண்டியே போக வேண்டும். கோவையிலிருந்து கரூர் போகும் தேசிய நெடுஞ்சாலை காங்கேயம் வழியாகவே போவதால் ஒரே சீரான வேகத்தில் ஓட்ட முடிகிறது.

ஏ.சி. விஷயத்தில் மாமா முதலில் முகம் சுளித்தார். 3.5 டன்னுக்கு மேல் மொத்த எடையுள்ள சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசே விதி கொண்டுவந்துவிட்டது. சித்திரை வெயிலில் பல்லடம் ரோட்டில் மத்தியானம் வண்டி ஓட்டிப் பார்த்தவர் இதில் தர்க்கம் பண்ண மாட்டார். ஓட்டுநருக்குத் தூக்கமும் எரிச்சலும் குறைந்தால் அது வண்டிக்கும் நல்லதுதான்.

வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம் என்று முதலாளியின் போனுக்குத் தகவல் வரும் வசதிதான் கொஞ்சம் மனக்கசப்பை உண்டாக்கியது. “என் மேல நம்பிக்கை இல்லீங்களா?” என்று ஓட்டுநர் கேட்டுவிட்டார். அத்தைதான் அதைச் சரிசெய்தார். அதே தகவல் ஓட்டுநரின் போனிலும் தெரியும்படி வைக்கச் சொன்னார். பின்னர் ஒரு கடைக்காரர், சரக்கு தாமதமாக வந்தது என்று வாடகையைப் பிடித்தபோது, வண்டி அவர் கடை வாசலில் எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு நேரம் இறக்காமல் காக்கவைத்தார்கள் என்பதை ஓட்டுநரே எடுத்துக் காட்டினார். வாடகை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு அந்தக் கருவிமேல் கோபம் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல காலம் வாய்த்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கொஞ்சம் பொறுத்து எடுத்ததால் அந்தக் குறைவு கிடைத்தது.

முடிவில் என்ன செய்தார்கள்

முதலில் போட்ட திட்டம், பழைய இரண்டில் வருடம் கூடின வண்டியைக் கொடுத்துவிடுவது. களத்துப் பெண்கள் சொன்ன பிறகு அது மாறியது. வருடம் கூடினதாக இருந்தாலும் தாழ்வான பாடியுள்ள அந்த வண்டியைக் களத்துக்கே வைத்துக்கொண்டு, பட்டை சேர்த்த மற்றொன்றைக் கொடுத்தார்கள். கொடுக்கும் முன் அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றி, பின் பிரேக் வால்வைச் சரிபார்த்துத்தான் கொடுத்தார்கள். வாங்குகிறவரும் நம்மைப் போல ஒரு குடும்பக்காரர்தானே என்றார் மாமா. புதிய வண்டிக்கு எண்ணெய் டின்னும் ஏலப் பருப்பும். தொட்டி ஏற்ற அதை அனுப்புவதில்லை.

புதிய வடிவமைப்பு நன்றாக இருக்கிறதா என்று என்னைக் கேட்பவர்களிடம், எந்தச் சரக்கு, யார் ஏற்றுகிறார்கள், எங்கே நின்று ஏற்றுகிறார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். அரிசி, எண்ணெய், சிமெண்ட், நூல் மூட்டை என்றால் தயங்காமல் எடுக்கலாம். மேடை கட்டிக்கொள்ளுங்கள், கோடு போட்டுக்கொள்ளுங்கள். நாமக்கல் பக்கம் முட்டை ஏற்றுகிறவர்கள், பாதி லோடில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எடுக்க வேண்டாம். இரண்டு டன்னுக்காகக் கடினமாக்கிய ஸ்பிரிங், பாரம் குறைந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடும். தொட்டி, மட்டை, வைக்கோல், காய்கறிக் கூடை என்று கையாலும் தலையாலும் ஏற்றும் சரக்கு என்றால், பாடியின் தரை உயரத்தையும் பக்கப் பலகையின் உயரத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டுப் பேசுங்கள். 

களத்தில் இருக்கும் பழைய வண்டியின் எஃப்.சி. (தகுதிச் சான்று) அடுத்த வருடம் முடிகிறது. அதற்குப் பதிலாக என்ன எடுப்பது என்ற பேச்சு இப்போதே ஆரம்பித்துவிட்டது. பாடி தாழ்வான 1.3 டன் வகை ஒன்றை ஒருநாள் களத்துக்கே வரவழைத்து, தொட்டி ஏற்றிப் பார்த்து, கூடை தூக்கும் பெண்கள் சரி என்றால்தான் முன்பணம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.